வயலில் நன்மை செய்யும் உயிர்களை விடுவது எப்படி? நெல், கரும்பு, தென்னை, மரவள்ளி முதல் பார்த்தீனியம் வரை

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இந்தப் பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி என்று பரவியது. உடலின்மேல் மெழுகு மாவு படிந்திருந்ததால் அடித்த மருந்து வழிந்து ஓடியது. பட்டு விவசாயிகள் மல்பெரியை வெட்டி எரித்தார்கள். 2010 ஜூலையில் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை, அதாவது பிற பூச்சியில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகளை, வரவழைத்தது. தனிமைப்படுத்திய ஆய்வுக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் கோயம்புத்தூரில் அவை விடப்பட்டன. மூன்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி மிக வேகமாகப் பெருகியது. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. அந்தக் குளவிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. யாரும் அவற்றுக்குச் செலவழிப்பதில்லை.

இந்த வெற்றியைக் கேட்டுவிட்டு, "எனக்கும் நாலு குளவி அட்டை வாங்கிக் கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று வருகிற விவசாயிகள் உண்டு. ஆர்வம் நல்லது. ஆனால் பூச்சிமருந்துக்குத் தெரியாத கட்டுப்பாடுகள் குளவிக்கு உண்டு. அதற்கு இன்ன பூச்சிதான் வேண்டும். அந்தப் பூச்சியும் இன்ன பருவத்தில் இருக்க வேண்டும். குடிக்கத் தேன் வேண்டும். காற்றில் நஞ்சு இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் விட்டது வீண். நன்மை செய்யும் பூச்சியை விடுவதில் முக்கால் பங்கு வேலை விடும் நாளுக்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதல் படி: எந்த வழி உங்களுடையது?

இயற்கை எதிரிகளைப் பயன்படுத்த மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு அதன் தாயகத்திலேயே எதிரியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து இங்கே நிலைநிறுத்துவது. பப்பாளி மாவுப்பூச்சிக்குச் செய்தது இதுதான். இது அரசு நிறுவனங்களின் வேலை. அவர்கள் விட்ட குளவி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், வரவில்லையென்றால் வாங்கி வந்து விடுவதும் மட்டுமே விவசாயியின் பங்கு.

இரண்டாவது, ஆய்வகத்தில் வளர்த்த ஒட்டுண்ணிகளையும் இரைவிழுங்கிகளையும் பருவந்தோறும் வாங்கி விடுவது. நெல்லிலும் கரும்பிலும் கட்டுகிற டிரைக்கோகிரம்மா அட்டை (அந்தப் பெயருள்ள குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை) இந்த வகை. இதில் குளவி நிரந்தரமாகத் தங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு போகத்திலும் விட வேண்டும்.

மூன்றாவது, வயலில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுவது. சிலந்தி, பொறிவண்டு, ஊசித்தட்டான், தவளை, கரிச்சான் குருவி எல்லாம் விலையில்லாமல் வருபவை. என் கணிப்பில் இதுதான் மிகவும் புறக்கணிக்கப்பட்ட வழி. பலருக்கு இது ஒன்றே போதுமானதாகவும் இருக்கும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோது இதை நேரில் பார்க்க முடிந்தது. அதன் எதிரியான என்கார்சியா என்ற குளவியும் தோப்புகளில் இருந்தது. "கடும் மருந்து அடிக்காதீர்கள், குளவி பெருகட்டும்" என்றுதான் வேளாண் விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டார்கள். பொறுத்துக்கொண்ட தோப்புகளில் குளவி பெருக வழி கிடைத்தது. மருந்து அடித்த தோப்புகளில் குளவி செத்தது. வெள்ளை ஈ திரும்பி வந்தது.

இரண்டாம் படி: பூச்சியையும் அதன் பருவத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

"புழு விழுந்திருக்கிறது" என்பது போதாது. என்ன புழு, இப்போது முட்டையா, இளம்புழுவா, முதிர்ந்த புழுவா, கூட்டுப்புழுவா என்று தெரிய வேண்டும். ஒவ்வோர் ஒட்டுண்ணியும் ஒரு பருவத்தைத்தான் தாக்கும்.

டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி. அரை மில்லிமீட்டர் அளவே உள்ள பெண் குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். உள்ளே பிறக்கும் குளவிப்புழு, அந்த முட்டையின் கருவையே தின்று வளரும். சில நாட்களில் முட்டை கறுத்துவிடும். எட்டு முதல் பத்து நாட்களுக்குள் அதிலிருந்து புழுவுக்குப் பதில் குளவி வெளியே வரும். எனவே நெற்பயிரில் வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்) தெரிந்த பிறகோ, கரும்பின் கணுவுக்குள் புழு புகுந்த பிறகோ அட்டை கட்டுவதில் பயனே இல்லை. தண்டுக்குள் இருக்கும் புழுவை அந்தக் குளவி திரும்பிக்கூடப் பார்க்காது.

சரியான நேரத்தை அறிய ஒரு விளக்குப்பொறியோ இனக்கவர்ச்சிப் பொறியோ வைத்துத் தினமும் காலையில் பாருங்கள். அந்துப்பூச்சிகள் விழத் தொடங்கினால் முட்டை வைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாரமே குளவி வயலில் இருக்க வேண்டும். பொறி வைக்க வசதியில்லாதவர்கள், கீழே சொல்லப்போகும் நடவு நாள் கணக்கைப் பின்பற்றலாம்.

நெல் விவசாயிகளுக்கு ஒரு சொல்: குருத்துப்பூச்சி நாற்றங்காலிலேயே இலை நுனியில் முட்டைக் குவியல்களை வைத்துவிடுகிறது. நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். கிள்ளியதை எரிக்க வேண்டாம். மூங்கில் கூடையிலோ வலைபோட்ட கூண்டிலோ போட்டு வயலோரம் வைத்தால், ஏற்கெனவே ஒட்டுண்ணி புகுந்த முட்டைகளிலிருந்து குளவிகள் வெளியேறி வயலுக்குப் போகும். பிறக்கும் புழுக்கள் உணவின்றிச் சாகும்.

மூன்றாம் படி: வயலைத் தயார் செய்தல்

விடுவதற்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு வாரம் பூச்சிமருந்து வேண்டாம். எச்சம் நீண்ட நாள் தங்கும் மருந்தை அடித்திருந்தால் மூன்று வாரம் காத்திருங்கள். பக்கத்து வயலில் அடிப்பதும் காற்றில் உங்கள் வயலுக்கு வரும். அவரிடம் முன்கூட்டியே பேசி நாளை ஒத்துக்கொள்வது நல்லது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் விட்டால் பலன் தெளிவாகத் தெரியும். குளவிக்கு வரப்பு எல்லை தெரியாது.

அடுத்தது உணவு. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளின் புழு மட்டுமே இரையைத் தின்னும். வளர்ந்த குளவி குடிப்பது தேன். பூவே இல்லாத வயலில் விட்ட குளவி ஒன்றிரண்டு நாளில் சாகும். பூ இருந்தால் கூடுதல் நாட்கள் வாழ்ந்து கூடுதல் முட்டைகளை வைக்கும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் நெல் வரப்புகளில் எள் போன்ற பூச்செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வில், பூச்சிமருந்துப் பயன்பாடு 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. நமக்கு வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடும் வழக்கம் பழையதுதான். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் கொத்தமல்லியைப் பூக்க விடலாம். நடுவில் ஆங்காங்கே குச்சி நட்டுப் பறவைகள் உட்கார இடம் செய்யலாம்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பான கழிவை உண்பதற்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகின்றன. கொய்யா, பப்பாளி, திராட்சை போன்றவற்றில் தண்டைச் சுற்றி கிரீஸ் தடவிய பட்டை கட்டி எறும்பு ஏறாமல் செய்த பிறகே இயற்கை எதிரிகளை விடுங்கள்.

நான்காம் படி: வாங்குதல், தரம் பார்த்தல்

டிரைக்கோகிரம்மா அட்டைகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், வேளாண் அறிவியல் நிலையங்களிலும், பல கரும்பு ஆலைகளின் ஒட்டுண்ணி ஆய்வகங்களிலும் கிடைக்கின்றன. தென்னைக்கான ஒட்டுண்ணிகளை வேளாண்மைத் துறையின் ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்கள் தருகின்றன. பத்து நாட்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். இது கடையில் அடுக்கி வைக்கும் பொருள் இல்லை. நாள் கணக்கில் உயிரோடு வளர்கிறது.

ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். அவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். புழு வெளிவராதபடி புற ஊதாக் கதிர் பாய்ச்சி, அதன்பின் குளவியை முட்டையிட வைத்திருப்பார்கள். வாங்கும்போது மூன்று செய்திகளைப் பாருங்கள். முட்டைகளில் பத்துக்கு ஒன்பதேனும் கறுத்திருக்க வேண்டும். வெளிர்நிற முட்டைகள் அதிகம் இருந்தால் குளவி ஏறவில்லை. அட்டையில் எழுதியிருக்கும் குளவி வெளிவரும் தேதியைப் படியுங்கள். முட்டைகளில் ஏற்கெனவே நுண்ணிய ஓட்டைகள் தெரிந்தால் குளவிகள் போய்விட்டன என்று பொருள், வாங்காதீர்கள்.

எடுத்து வரும் வழியில் வெயில் படக் கூடாது. வண்டியின் பெட்டிக்குள், எஞ்சின் சூட்டில் வைத்துக் கொண்டுவருவதைவிடக் கையில் ஈரத்துணி சுற்றிய டப்பாவில் கொண்டுவருவது பாதுகாப்பானது. பூச்சிமருந்து டப்பா இருந்த பையில் போடவே வேண்டாம். ஓரிரு நாள் தள்ளிப்போட நேர்ந்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், 10 டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்கலாம். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும்.

ஒரு சிறு துண்டை வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பஞ்சால் அடைத்து வீட்டு நிழலில் வைத்துவிடுங்கள். வயலில் கட்டியவையும் இதுவும் ஒரே தொகுதி. பாட்டிலில் தூசி போன்ற குளவிகள் சுவரில் ஊர்வதைப் பார்த்துவிட்டால், வயலிலும் வெளிவந்திருக்கும் என்று நம்பலாம். இந்த ஒரு சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பின்னால் பலன் கிடைக்காதபோது தவறு அட்டையிலா வயலிலா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஐந்தாம் படி: விடுதல்

*நெல்.* குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். இரண்டையும் மாற்றிக் கட்டினால் பலன் குறையும். அட்டையில் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டருக்கு ஒரு முறைக்கு 5 சிசி, அதாவது ஏக்கருக்கு 2 சிசி. ஜப்பானிக்கத்தை நடவு செய்த 30, 37ஆம் நாட்களில் கட்டுங்கள். கைலோனிஸை 37, 44, 51ஆம் நாட்களில் கட்டுங்கள். பூச்சி முன்கூட்டியே வந்துவிட்டதாகப் பொறி சொன்னால் நாள் கணக்கை விட்டுவிட்டுப் பொறியை நம்புங்கள்.

*கரும்பு.* இடைக்கணுப்புழுவுக்கு நான்காம் மாதம் தொடங்கி 15 நாள் இடைவெளியில் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 1 சிசி டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். கரும்பு உயர்ந்த பிறகு உள்ளே நுழைவது கடினம் என்று கடைசி இரண்டு முறையை விட்டுவிடுகிறார்கள். புழு பெருகுவது அந்த மாதங்களில்தான். சோகை (காய்ந்த தோகை) உரித்து ஆள் நடக்க வழி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டும் முறை இரண்டு பயிருக்கும் ஒன்றே. குளவி தானாகப் பறந்து போகும் தூரம் மிகக் குறைவு. அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பரப்புங்கள். ஏக்கருக்குச் சுமார் 40 இடங்கள் வரும். வெட்டும்போது முட்டைகள் உதிராதபடி, முட்டை ஒட்டாத இடைவெளியில் வெட்ட வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் முள்ளால் குத்துங்கள். முட்டை இருக்கும் பக்கம் கீழ்நோக்கி, வெயிலும் மழையும் படாமல் இருக்கட்டும். குளவி வெளிவருவதற்கு முந்தைய நாள் மாலையில் கட்டுவது சிறந்தது, அதிகாலையும் சரி. நண்பகலில் கட்டாதீர்கள். மழை வரும்போல இருந்தால் ஒரு நாள் தள்ளுங்கள். எறும்பு அதிகமுள்ள இடத்தில் கிரீஸ் தடவிய நூலில் தொங்கவிடுங்கள். அட்டையைக் கட்டிய ஓரிரவில் எறும்பு மொத்தமும் சுமந்துபோன வயல்கள் ஏராளம்.

*தென்னைக் கருந்தலைப்புழு.* கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ் என்ற குளவி கருந்தலைப்புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன் உடல்மேல் முட்டையிடும். பிறக்கும் குளவிப்புழுக்கள் வெளியிலிருந்தே உறிஞ்சி அதைக் கொன்றுவிடும். கோடையில் பூச்சி பெருகும் என்பதால் ஜனவரியிலிருந்தே விடத் தொடங்க வேண்டும். அளவு எக்டருக்கு 3,000, ஏக்கருக்கு 1,200. புழு இரண்டாம், மூன்றாம் பருவத்தில் இருக்கும்போது விடுங்கள்.

இங்கே பலர் செய்யும் காரியம், மரம் ஏறுபவரிடம் குளவிகள் அடைத்த குழாயைக் கொடுத்து உச்சிக்குருத்தில் திறந்துவிடச் சொல்வது. கூடாது. உச்சியில் சிலந்திகளும் கொலைகாரப் பூச்சிகளும் காத்திருக்கின்றன. குளவி அவற்றுக்கு இரையாகும். வெயில் தணிந்த வேளையில் குழாயைத் திறந்து கையில் பிடித்தபடி மரங்களுக்குக் கீழே தோப்பு முழுதும் நடந்து போங்கள். குளவி தானே மேலே போகும். அதற்கு முன்பு, மோசமாகக் காய்ந்த அடிமட்டைகளை வெட்டி எரித்துவிட்டால் புழுவின் எண்ணிக்கை குறைந்து குளவியின் வேலை எளிதாகும்.

சுருள் வெள்ளை ஈக்குத் தனியாக ஒரு குறிப்பு. என்கார்சியா புகுந்த வெள்ளை ஈயின் கூட்டுப்புழு கறுத்துத் தெரியும். அத்தகைய கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளைக் குளவி இருக்கும் தோப்பிலிருந்து வெட்டி வந்து, குளவி இல்லாத தோப்பின் ஓலைகளில் குத்திவிடுவதே விடும் முறை. ஓலையில் படியும் கரும்பூசணத்துக்குப் பயந்து மருந்து அடிக்க வேண்டாம். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால் அது காய்ந்து உரிந்துவிடும்.

காண்டாமிருக வண்டுக்குக் குளவி இல்லை. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணம் இருக்கிறது. வண்டின் புழு வளர்வது எருக்குழியில் என்பதால் மரத்தை விட்டுவிட்டு எருக்குழியில் கலக்க வேண்டும். ஈரம் இருந்தால்தான் பூசணம் வாழும். காய்ந்த குழியில் தூவினால் பணம் போகும்.

*மரவள்ளி மாவுப்பூச்சி.* 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளியைக் கடுமையாகத் தாக்கியது. நுனி சுருங்கிக் கொத்தாகிவிடும். ஆப்பிரிக்கா இதே பூச்சியை 1970களிலேயே சந்தித்தது. பராகுவேயில் கண்டெடுத்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை 1981 முதல் நைஜீரியாவில் தொடங்கி நாடு நாடாக விட்டு மீண்டது. அந்தப் பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து நமக்கு வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது.

மரவள்ளி விவசாயி செய்ய வேண்டியது இது. நோயில்லாத வயலிலிருந்து மட்டும் கரணை எடுங்கள். பூச்சி தெரிந்தவுடன் குளவி கேட்டு வாங்குங்கள். வயல் முழுதும் வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கொத்தாகச் சுருங்கிய நுனிகளுக்கு அருகில், காலையிலோ மாலையிலோ திறந்துவிடுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சுருங்கிய நுனிகளைப் பிரித்துப் பாருங்கள். மாவு நீங்கி, பழுப்பு நிறத்தில் உப்பிய பீப்பாய் வடிவில் காய்ந்த மாவுப்பூச்சிகள் தெரிந்தால் உள்ளே குளவி இருக்கிறது. அந்த நுனிகளைக் கிள்ளி, நுண்துளை போட்ட டப்பாவில் வைத்து, வெளிவரும் குளவிகளை அடுத்த மூலைக்கோ அடுத்த விவசாயிக்கோ கொடுக்கலாம்.

*பொறிவண்டு.* திராட்சை, கொய்யா, சீத்தாவில் மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலீமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டை விடுகிறார்கள். 1898இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட பூச்சி இது. இதன் புழு வெள்ளை மெழுகு இழைகளோடு, அச்சு அசலாகப் பெரிய மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். அதை மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்களும் மருந்து அடிக்கிறவர்களும் பலர். அடையாளம் எளிது: மாவுப்பூச்சி ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும், பொறிவண்டின் புழு விரைவாக ஓடும். தோட்டத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் அதைக் காட்டிவிடுங்கள்.

களைகளுக்கு

களையைத் தின்னும் பூச்சியை விடுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1795இல் பிரேசிலிலிருந்து ஒரு செதிள் பூச்சி இந்தியாவுக்கு வந்தது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என்று நம்பிக் கொண்டுவந்தார்கள். வந்து சேர்ந்தது சாயத்துக்கு உதவாத அதன் உறவினம். ஆனால் அது நாகதாளியைத் தின்று அழித்தது. அதைக் கண்டு, 1836 முதல் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே நாகதாளிப் புதர்களில் பரப்பினார்கள். களையை அடக்கப் பூச்சியைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய முதல் நிகழ்வாக உலக அளவில் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். வேறு வகை நாகதாளிக்கு, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு செதிள் பூச்சி வந்தது.

இன்று ஊராட்சிகளும் விவசாயக் குழுக்களும் செய்யக்கூடியது பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டை விடுவது. சைகோகிரம்மா என்ற இந்த வண்டு 1983இல் பெங்களூருவுக்கு வரவழைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெளியிடப்பட்டது. வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் இருக்கும். மழைக்காலத்தில் மட்டுமே தீவிரமாகத் தின்னும். குளிரும் வறட்சியும் வந்தால் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். ஆகையால் முதல் மழைக்குப் பின், செடி இளசாக இருக்கும்போது விட வேண்டும். வண்டு பெருகியிருக்கும் சாலையோரத்திலிருந்து கைகளால் பொறுக்கி, இலைகளோடு டப்பாவில் எடுத்து வந்து, ஒரே இடத்தில் கூட்டமாக விடுங்கள். நான்கு இடங்களில் சிதறவிட்டால் இணை கிடைக்காமல் குறைந்துபோகும். உழுகிற வயலுக்கு இது ஏற்றதல்ல, உழவில் மண்ணுக்குள் இருப்பது செத்துவிடும். புறம்போக்கு, சாலையோரம், ரயில் பாதையோரம் இவையே அதற்கு உரிய இடங்கள். வண்டு தின்று இளைத்த செடிகளுக்கிடையே தகரை, ஆவாரை விதைகளைத் தூவினால் அவை மேலெழுந்து பார்த்தீனியத்தை மூடிவிடும்.

ஆகாயத்தாமரைக்கு நியோகெட்டினா கூன்வண்டுகள் உண்டு. ஆனால் கழிவுநீர் கலக்கும் ஏரியில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்ந்துவிடும். அங்கே முதலில் கழிவை நிறுத்த வேண்டும். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். குளத்தைச் சுத்தம் செய்யும்போது ஒரு மூலைச் செடிகளை வண்டுகளோடு விட்டுவையுங்கள். முழுவதும் வாரிவிட்டால் வண்டும் போய்விடும். மிஞ்சிய விதையிலிருந்து களை மட்டும் திரும்பும். சால்வினியா எனும் மிதக்கும் பெரணிக்குச் சிர்டோபேகஸ் கூன்வண்டு கேரளத்தின் நீர்நிலைகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

எதை விடக் கூடாது

கண்டதையெல்லாம் தின்னும் உயிரை எந்த நிலத்திலும் கொண்டுவந்து விடக் கூடாது. 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்புத் தேரையை விட்டார்கள். வண்டு குறையவில்லை. தேரையின் நஞ்சு, அதை விழுங்கிய பாம்புகளையும் உடும்புகளையும் கொன்றது. அது இன்றும் கண்டத்தில் பரவிக்கொண்டிருக்கிறது. ஹவாய்க்கு எலியை ஒழிக்க 1883இல் கொண்டுபோன கீரி, தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்றது. ஆப்பிரிக்க நத்தையை அடக்க 1955இல் அதே தீவுகளுக்குக் கொண்டுபோன ஊனுண்ணி நத்தை, வேறெங்கும் இல்லாத உள்ளூர் மரநத்தைகளை அழித்தது. ஒரே ஒரு செடியையோ ஒரே ஒரு பூச்சியையோ சார்ந்து வாழும் எதிரிகளை மட்டும் ஆய்வாளர்கள் தேடுவதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டிலிருந்து எந்தப் பூச்சியையும் அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இதற்கு அனுமதி முறையை வகுத்திருக்கிறது. இணையத்தில் யாராவது புதிய வண்டு, புதிய பூச்சி என்று விற்றால் வாங்காதீர்கள். உள்ளூர் ஒட்டுண்ணியாக இருந்தாலும் பெயர் தெரியாமல் விட வேண்டாம்.

விட்ட பிறகு

மூன்றாம், நான்காம் நாள் வயலுக்குப் போய்க் கட்டிய துண்டுகளில் பத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கறுத்த முட்டையிலும் நுண்ணிய ஓட்டை இருந்தால் குளவி வெளிவந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் பயிரின் இலைகளிலிருந்து பூச்சியின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாட்டிலில் வையுங்கள். எத்தனை கறுக்கின்றன, எத்தனையிலிருந்து புழு வருகிறது என்று எண்ணி, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த போகத்தில் எப்போது கட்டுவது என்பதை இந்த எண்ணிக்கை சொல்லும்.

பலன் இல்லையென்று தோன்றினால், வரிசையாக இப்படித் தேடுங்கள்: வீட்டில் வைத்த பாட்டிலில் குளவி வந்ததா? வரவில்லையென்றால் அட்டை கெட்டது. கொடுத்த இடத்தில் காட்டி மாற்றிக் கேளுங்கள். பாட்டிலில் வந்து வயலில் வரவில்லையா? எறும்பையும் வெயிலையும் மழையையும் பாருங்கள். இரண்டிலும் வந்தும் முட்டைகள் கறுக்கவில்லையா? அக்கம்பக்கத்தில் யாரேனும் மருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள். அட்டையின் குளவி அந்தப் பூச்சிக்கு உரியதுதானா என்றும் பாருங்கள். முட்டைகள் கறுத்தும் சேதம் இருக்கிறதா? நீங்கள் விடுவதற்கு முன்பே தண்டுக்குள் போன புழுக்களின் வேலை அது. அடுத்த முறை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

சேதம் பொருளாதாரச் சேத நிலையை (மருந்துச் செலவைவிட இழப்பு அதிகமாகும் அளவை) தாண்டிவிட்டால் மருந்து அடிப்பதைத் தவிர வேறு வழியில்லாத நேரமும் வரும். அப்போதும் வயல் முழுதும் அடிக்காமல், தாக்கிய பாத்திகளில் மட்டும், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் அடியுங்கள். புழுவுக்கு பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா மருந்தும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்பெண்ணெயும் முதலில் வரட்டும். அடித்த நாளை நோட்டில் குறித்துக்கொண்டு, அதன் எச்சம் தீர்ந்த பிறகு அடுத்த அட்டைக்குச் சொல்லிவையுங்கள்.